வெந்நீர் விவகாரம்

இகெதா,
ஓசாகா.

அன்புள்ள மாமாவுக்கு,

வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டியிருக்கலாம். ஆனால் இது இரண்டு வரியில் அடங்குகிற விவகாரம் இல்லை. தவிர, கடிதமாக வந்தால்தான் நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து நாலு பேர் காதில் விழுகிற மாதிரி வாசிப்பீர்கள். இது நாலு பேர் காதில் விழ வேண்டிய சங்கதிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் "என்னல சாப்பிட்ட?" என்று கேட்டாள். "வெந்நி ஊத்துற நூடுல்ஸ்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அது அம்மா வாயிலிருந்து புறப்பட்டு உங்கள் கடைக்கு வந்து சேர்வதற்குள், "பாப்பா மாப்பிள்ளைக்கு வெறும் வெந்நி ஊத்திக் குடுக்காளாம்" என்று ஆகிவிட்டது. அத்தை மூக்கைச் சிந்தியதாகவும், "ஊருக்கே புரோட்டா போட்டவன் மகளுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியலன்னு ஆயிட்டே" என்று நீங்கள் கரண்டியைக் கல்லில் ஓங்கி அடித்ததாகவும் கேள்வி. நீங்கள் எனக்கு மாமா மட்டும் என்றால் விட்டுவிடுவேன். மாமனாரும் ஆகிவிட்டீர்கள். விளக்கம் எழுதாமல் தீராது.

மாமா, இங்கே தினமும் சோறு பொங்குகிறது. குழம்பு கொதிக்கிறது. பாப்பா கை மணத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த நூடுல்ஸ் வேறு வழியாக வீட்டுக்குள் வந்தது.

நமக்குத் தெரிந்த நூடுல்ஸ் எல்லாம் 1983இல் இந்தியாவுக்கு வந்த மேகிதான். மஞ்சள் பாக்கெட், ஒரு மசாலாப் பொட்டலம், கதை முடிந்தது. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வரிசை முழுக்க, ஆள் உயரத்துக்குக் கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருக்கிறார்கள். அதில் பாப்பா எடுத்தது தட்டையான ஒரு வட்ட டப்பா. பெயர் யூஎஃப்ஓ. பறக்கும் தட்டேதான். நிசின் என்கிற கம்பெனி 1976இலிருந்து விற்கிற யாகிசோபா. யாகிசோபா என்றால் கல்லில் போட்டுப் புரட்டிய நூடுல்ஸ். இங்கே திருவிழா நடக்கிற தெருவில் பெரிய இரும்புக் கல்லைப் போட்டு, இரண்டு கையிலும் தட்டைக் கரண்டி பிடித்து ஒருவர் சாய்த்துச் சாய்த்துப் புரட்டுவார். பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வரும், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிப்போன நம் மாஸ்டர் இங்கேதான் ஒளிந்திருக்கிறாரோ என்று.

அந்தப் பண்டத்தைத்தான் டப்பாவில் அடைத்து, கல்லும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம், வெந்நீரே போதும் என்கிறார்கள்.

போதுமா? செய்முறையைக் கேளுங்கள். மூடியைக் குறி போட்ட இடம் வரைக்கும்தான் உரிக்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கிற சாஸ் பொட்டலத்தையும் பொடிப் பொட்டலத்தையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும். முட்டைக்கோஸும் கறித் துணுக்கும் உள்ளேயே கிடக்கும். உட்புறக் கோடு வரை கொதிக்கிற தண்ணீர். மூடினால் மூன்று நிமிடம். அதற்கப்புறம் மறுபக்கத்து ஒட்டுத்தாளைக் கிழித்தால் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். ஊற்றின தண்ணீரை அவ்வளவையும் அந்த ஓட்டை வழியாக வடித்துவிட வேண்டும். ஆமாம் மாமா, கஷ்டப்பட்டு ஊற்றியதை வடித்துவிட வேண்டும். வடித்த பிறகுதான் சாஸ். சாஸைக் கிளறிய பிறகுதான் பொடி. முன்னுக்குப் பின்னானால் ருசி முழுக்கச் சாக்கடைக்குப் போய்விடும்.

மூன்று நிமிடத்துக்குப் பத்து வினாடி இருக்கும்போது நான் மூடியை லேசாகத் தூக்கிப் பார்க்கப் போனேன். பாப்பா புறங்கையில் போட்டாள் ஒன்று. மாவு ஊறுவதற்குள் உருண்டையில் கை வைக்கிற பையனுக்கு உங்களிடம் என்ன விழுமோ அதே அடி, அதே வேகம். கடல் கடந்தாலும் கை வாகு மாறவில்லை.

கஞ்சி வடித்துப் பழகினவள் ஆயிற்றே. டப்பாவை அலட்சியமாகச் சாய்த்தாள். 'டொம்!' என்று ஒரு சத்தம்.

வீடே அதிர்ந்தது. பூமி அதிர்ந்தால் மேஜைக்கடியில் போ என்று இங்கே வந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்விட்டேன். நாற்காலியில் இருந்த உங்கள் பேத்தி குனிந்து, "அப்பா, என்ன தேடுற?" என்றாள்.

ஒன்றும் இல்லை மாமா. இங்கே பாத்திரம் கழுவுகிற தொட்டி மெல்லிய எவர்சில்வர் தகடு. கொதிநீர் விழுந்ததும் ஒரு பக்கம் சட்டென்று விரிந்து, தகடு குப்பென்று வளைகிற சத்தம்தான் அது. யாகிசோபா வடித்தால் தொட்டி கத்தும் என்பது இந்த நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியுமாம். வடிக்கும்போதே குழாயில் பச்சைத் தண்ணீரையும் திறந்துவிட்டால் சத்தம் வராது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் ஒரு லாபம் உண்டு. எங்கள் மேல்வீட்டில் ஒரு பெரிய மனிதர். கோட்டு, டை, காலையில் லிஃப்டில் பார்த்தால் இடுப்பு வரை குனிந்து வணக்கம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல் கூரையிலிருந்து அடங்கின குரலில் ஒரு 'டொம்' கேட்கும். என்னவோ ஏதோ என்று இருந்தோம். இப்போது தெரிந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் தூங்கின பிறகு ஐயா யாகிசோபா வடிக்கிறார். இனி அந்த வணக்கத்தைப் பழைய மாதிரி வாங்கிக்கொள்ள எனக்கு முடியவில்லை. எங்கள் 'டொம்' அவர் தரைக்குக் கேட்டிருக்கும் என்பதால், அவரும் இப்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகக் குனிகிறார்.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். சாஸ் கறுப்பு. இனிப்பும் புளிப்புமாக, கல்லில் தீய்ந்த வாசனையோடு இருக்கிறது. மேலே தூவுகிற பொடியில் கடல்பாசியும் சிவப்பு இஞ்சியும். காரம் என்ற பேச்சே இல்லை. முதல் வாய்க்குத் திகைப்பு. பாதி டப்பாவில் பழகிவிட்டது. என்னைக் கேட்டால் பேர் பெத்த அளவுக்குப் பெரிய ருசி இல்லை. பேத்தி கட்சி மாறிவிட்டாள், மயோனைஸ் பிழிந்து வழித்துத் தின்கிறாள். இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓசாகாக்காரர்கள் யாகிசோபாவுக்குத் துணையாகச் சோறு வைத்துச் சாப்பிடுகிறார்கள். நீள ரொட்டியைப் பிளந்து அதற்குள் யாகிசோபாவைத் திணித்தும் விற்கிறார்கள். மாவுக்குள் மாவு. புரோட்டா தின்றால் உடம்பு போச்சு என்று உங்களிடம் வந்து நியாயம் பேசுகிற டாக்டரை ஒரு தரம் இங்கே அனுப்பி வையுங்கள்.

சரி, இந்த வெந்நீர் நூடுல்ஸைக் கண்டுபிடித்த புண்ணியவான் கதை உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவரும் எண்ணெய்ச் சட்டி ஆசாமி. பெயர் மொமொஃபுகு ஆண்டோ. 1910இல் தைவானில் பிறந்து ஓசாகாவுக்கு வந்தவர். ஏதேதோ வியாபாரம் செய்தார். தலைவராக இருந்த கடன் சங்கம் 1957இல் நொடித்துப் போய், கையில் மிஞ்சியது வீடு மட்டும். அந்த வீடு நாங்கள் இருக்கிற இதே இகெதாவில். நாற்பத்தேழு வயதில் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டார். போர் முடிந்த காலத்தில் ஓசாகா ரயில் நிலையத்தின் பின்பக்கம் ஒரு கிண்ணம் ராமெனுக்காக ஜனங்கள் குளிரில் வரிசையில் நின்றதைப் பார்த்தவர். வெந்நீர் மட்டும் ஊற்றினால் வீட்டிலேயே அந்த ராமென் கிடைக்க வேண்டும் என்று பிடிவாதம்.

மாவைப் பிசைந்து இழுப்பது தெரிந்துவிட்டது. காய வைப்பதுதான் தகராறு. வெயிலில் காய்ந்தது வெந்நீரில் திரும்ப இளகாமல் மக்கர் பண்ணியது. ஒரு நாள் அவர் மனைவி எண்ணெயில் தெம்புரா பொரித்துக்கொண்டிருக்கிறார். மாவு எண்ணெயில் விழுந்ததும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியே ஓடுகிறது. ஆண்டோவுக்குப் பொறி தட்டியது. ஆவியில் வெந்த நூடுல்ஸை எண்ணெயில் போட்டார். உள்ளே இருந்த ஈரம் வெளியேறி, போன வழியெல்லாம் நுண்ணிய துளையாக நின்றுவிட்டது. பிறகு வெந்நீர் ஊற்றினால் அதே துளை வழியாகத் தண்ணீர் உள்ளே திரும்பி வருகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பொரித்த புரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றியதும் அது ஏன் அப்படிக் குடிக்கிறது என்று நான் சின்ன வயதில் கேட்டபோது, "தின்னுல, கேள்வி கேக்காத" என்றீர்கள். பதில் இதுதான் மாமா.

1958 ஆகஸ்ட் 25 அன்று சிக்கன் ராமென் என்று கடைக்கு வந்தது. விலை 35 யென். அன்றைக்குப் பச்சை உடோன் ஒரு உருண்டை 6 யென். இந்த விலைக்கு யார் வாங்குவார் என்றார்களாம் மொத்த வியாபாரிகள். வாங்கினார்கள். 1966இல் அமெரிக்கா போனபோது, அங்கே கிண்ணமும் குச்சியும் இல்லாமல், நூடுல்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு முள்கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு வந்தார். 1971இல் கப் நூடுல்ஸ். அதிலும் ஒரு தொழில் நுணுக்கம். நூடுல்ஸ் கட்டி கோப்பையின் அடியைத் தொடாது, நடுவில் அந்தரத்தில் நிற்கும். நூடுல்ஸைக் கோப்பைக்குள் போட்டால் சரிந்து விழுகிறது என்று தவித்தவர், கோப்பையைக் கவிழ்த்து நூடுல்ஸின் மேல் போட்டார். நின்றுவிட்டது. இன்று உலகம் ஆண்டுக்கு 12,000 கோடிக்கும் மேல் இந்த வகை நூடுல்ஸைத் தின்கிறது. கிழவர் தொண்ணூற்றாறு வயது வரை இருந்து 2007இல் போய்ச் சேர்ந்தார். தினமும் தன் சரக்கையே சாப்பிட்டார் என்பார்கள். தன் கடை புரோட்டாவைத் தொடாமல் வீட்டிலிருந்து தயிர்சாதம் வரவழைக்கிற சிலரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

இகெதா ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவருக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை. அந்தக் கொட்டகையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள், எண்ணெய்ச் சட்டி முதற்கொண்டு. 500 யென் கொடுத்தால் ஒரு வெற்றுக் கோப்பை தருவார்கள். படம் வரைந்து, நாலு வகைச் சாற்றுப் பொடியில் ஒன்றும், பன்னிரண்டு வகைத் துணுக்குகளில் நாலும் தேர்ந்தெடுத்தால், நம் கண் முன்னாலேயே மூடி ஒட்டிக் கொடுப்பார்கள். மொத்தம் 5,460 விதம் வருமாம். உங்கள் பேத்தி நாலு இடத்திலும் இறாலே போதும் என்றுவிட்டாள். தூத்துக்குடி ரத்தம்.

அடுத்து நான் சொல்லப்போவது டோன்பே. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்திருக்கிறேன். தடித்த உடோன் நூடுல்ஸ், மேலே இனிப்பூட்டிப் பொரித்த சோயாக் கட்டி ஒரு துண்டு, தெளிந்த சாறு. இதுவும் நிசின், இதுவும் 1976. ஜப்பான் முழுக்க ஒரே கிண்ணம், ஒரே படம். ஆனால் கிண்ணத்தில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும். இ என்றால் கிழக்கு, டபிள்யூ என்றால் மேற்கு. டோக்கியோ பக்கத்துக்கு விற்பதில் சாறு கறுத்து, மீன் வாசனை தூக்கலாக இருக்கும். எங்கள் ஓசாகா பக்கத்தில் வெளுத்த சாறு, கொம்பு என்கிற கடல்பாசியின் ருசி. பழைய நாளில் வடக்கே ஹொக்காய்டோவிலிருந்து கப்பலில் அந்தப் பாசி ஓசாகாவுக்கு வந்து இறங்கிய பழக்கம், இன்றைக்கு வெந்நீர்க் கிண்ணத்திலும் விடவில்லை. எல்லை செகிகஹாரா பக்கம் என்பார்கள். 1600இல் இந்த நாட்டின் கிழக்குப் படையும் மேற்குப் படையும் மோதிக்கொண்ட மைதானம் அது. இப்போது அங்கே சாறு மோதுகிறது. என் ஆபீசில் டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், ஊருக்குப் போகும்போதெல்லாம் கிழக்கு டோன்பே ஒரு பெட்டி கொண்டுவந்து மேஜை டிராயரில் பூட்டி வைக்கிறார். வெந்நீரில் ஆகிற சாப்பாட்டுக்கு இவ்வளவு ஊர்ப்பாசமா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் விருதுநகர்ப் புரோட்டா பற்றி யாராவது உங்கள் முன்னால் நல்ல வார்த்தை சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றது.

அந்த மீன் வாசனை என்ன தெரியுமா? நம் மாசிதான். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, மரக்கட்டையாக இறுகக் காய வைத்திருக்கிறார்கள். மினிக்காயிலிருந்து வருகிற மாசிக்கும் இதற்கும் மூக்கு வித்தியாசம் கண்டுபிடிக்காது. இவர்கள் இழைப்புளியில் சீவுகிறார்கள், அம்மா அம்மியில் தட்டுகிறாள். பாப்பா டோன்பே மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, தன் அம்மாவின் சம்பல் வாசனை என்று சொன்ன அன்றிலிருந்து, எங்கள் வீட்டில் மாதக் கணக்கில் இது தவறுவதில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

டோன்பே உடோனுக்கு மூடியில் போட்டிருக்கிற நேரம் 5 நிமிடம். 2015இல் மகிதா ஸ்போர்ட்ஸ் என்கிற சிரிப்பு நடிகர், 10 நிமிடம் ஊறவிட்டால் இன்னும் அருமை என்று வானொலியில் சொல்லிவிட்டார். நாடு முழுக்கச் செய்து பார்த்து, ஆமாம் என்றது. நிசின் என்ன செய்தது? மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. இத்தனை காலமும் 5 நிமிடத்தையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டோம், 10 நிமிட ருசி எங்களுக்குத் தெரியாமல் போனது என்று வருத்தம் தெரிவித்தது. வாடிக்கையாளர் பாராட்டியதற்கு மன்னிப்புக் கேட்ட கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சால்னா ஆறிப் போச்சு என்று சொன்னவனிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

எல்லா நேரமும் இவர்கள் இப்படி ஜெயிப்பதில்லை. இங்கே நூடுல்ஸை உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும், சத்தத்தோடு. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது சங்கடமாம். 2017இல் நிசின் ஒரு முள்கரண்டி அறிவித்தது. உறிஞ்சும் சத்தம் கேட்டால் அது கைபேசிக்குச் சேதி அனுப்பும், கைபேசி வேறொரு சத்தம் போட்டு இந்தச் சத்தத்தை அமுக்கும். விலை 14,800 யென். 5,000 பேர் முன்பதிவு செய்தால் தயாரிப்பதாகச் சொன்னார்கள். அத்தனை பேர் சேரவில்லை. ஜனங்களுக்குப் புத்தி இருக்கிறது.

இன்னொன்று மறந்துவிடப் போகிறேன். மியோஜோ கம்பெனியின் சாருமெரா என்று 1966இலிருந்து ஒரு பாக்கெட் வருகிறது. அதில் ஒருவர் குழல் ஊதுகிற படம். ராத்திரியில் வண்டி தள்ளி ராமென் விற்கிறவர்கள் ஊதுகிற வாத்தியம் அது. நாதஸ்வரத்துக்கு உள்ளது மாதிரியே அதற்கும் சீவாளி. சத்தம் கேட்டதும் தெருவில் கிண்ணத்தோடு ஆள் இறங்குமாம். நம் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செட் நாதஸ்வரம் பேசிப் பாருங்களேன். எதிர்க்கடைக்காரர் தவிலோடு இறங்கினால் நான் பொறுப்பில்லை.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிற ஒரு நண்பர் பெட்டியில் உங்களுக்கு ஆறு டோன்பே அனுப்புகிறேன். எல்லாம் மேற்கு. கூடவே பேத்தி செய்த இறால் கோப்பை ஒன்று. அதில் மீசையோடு வரைந்திருப்பது நீங்கள், பக்கத்தில் வட்டமாக இருப்பது புரோட்டா, நிலா இல்லை. அழகாக இருக்கிறதே என்று கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்தோடு மாட்டி வைக்க வேண்டாம், தேதி போய்விடும். சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

டோன்பே செய்முறை: பொட்டலத்தை உடைத்துப் போட்டு, கோடு வரைக்கும் நன்றாகக் கொதிக்கிற தண்ணீர், பத்து நிமிடம். வடிக்க வேண்டாம், இது வடிக்கிற இனம் இல்லை. கடைப் பையன்களை நடுவில் திறக்க விடாதீர்கள். அத்தைக்கு முதல் கிண்ணம். சாறு சப்பென்று இருக்கிறதே என்று சால்னாவை ஒரு கரண்டி ஊற்றுவீர்கள், எனக்குத் தெரியும். ஊற்றாதீர்கள் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஊற்றினால் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். நல்லா இருந்தது என்றால் அதை இங்கே ஆபீசில் சொல்ல வேண்டும்.

உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: பாப்பா இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டாள். மேஜைக்கடியில் போன கதையை மட்டும் இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்கிறாள்.